கையெழுத்துக்கு முன்னும் பின்னும்: புற்றுநோய் மருந்து ஆய்வில் சேர நினைப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புற்றுநோய்க்குச் சிகிச்சைக்கு வருபவர்களில் சிலரிடம் ஒருநாள் டாக்டர் சொல்வார்: "உங்களுக்குப் பொருந்துற மாதிரி ஒரு ட்ரயல் இருக்கு. வீட்ல கலந்து பேசிட்டு வாங்க." அன்று ஊர் திரும்பும் பஸ்ஸில் அந்தக் குடும்பம் என்ன பேசியிருக்கும் என்று மறுநாள் என் மேசைக்கு முன்னால் வந்து உட்காரும்போதே தெரிந்துவிடும். ஒருவர், "நம்மள வெச்சு டெஸ்ட் பண்ணப் பாக்குறாங்க" என்றிருப்பார். இன்னொருவர், "புது மருந்தாம், காசு வேண்டாமாம், விட்றாதீங்க" என்றிருப்பார். இந்த இரண்டு பேச்சிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதியைத் தெரிந்துகொண்ட பிறகு எடுக்கும் முடிவு எதுவானாலும் சரி.

ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் ஆய்வு ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். கோ-ஆர்டினேட்டர் என்று கூப்பிடுவார்கள். ஒப்புதல் படிவத்தை விளக்குவது, மாத்திரை எண்ணுவது, நள்ளிரவில் போன் எடுப்பது எல்லாம் எங்கள் வேலை. அந்த மேசைக்கு மறுபக்கம் உட்காரப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. இது யாருடைய கேள்வி என்று முதலில் கேளுங்கள்

ஒவ்வொரு ட்ரயலும், அதாவது மருந்து ஆய்வும், ஒரு கேள்வி. உங்கள் சிகிச்சை அந்தக் கேள்விக்கு விடை தேடும் வழியாகவும் ஆகிறது. கேள்வி என்ன, அதைக் கேட்பவர் யார் என்று புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

வேலூர் சி.எம்.சி.யில் நடந்ததைச் சொல்கிறேன். இரத்தப் புற்றுநோயில் ஏ.பி.எம்.எல். என்று ஒரு வகை உண்டு. இரத்தக்கசிவால் சில நாட்களிலேயே ஆளைச் சாய்த்துவிடக்கூடியது, ஆனால் சரியான மருந்து கிடைத்தால் குணமாகக்கூடியது. அப்போதைய வழக்கமான சிகிச்சைக்கு ஆகும் செலவை நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றால் தாங்க முடியவில்லை. ஆர்செனிக் ட்ரையாக்சைடு மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்று வேலூர் டாக்டர்கள் கேட்டார்கள். நம் பாட்டிமார் பாஷாணம் என்று சொல்லும் அதே ஆர்செனிக்தான். 1998 முதல் 2004 வரை 72 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சுமார் 86 சதவீதம் பேருக்கு நோய் முழுமையாக அடங்கியது. 2006இல் அந்த முடிவு வெளியாகி உலகமே படித்தது. இந்தக் கேள்வி நோயாளியின் பக்கத்திலிருந்து எழுந்தது.

மும்பை டாட்டா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை இன்னொரு உதாரணம். நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தின் வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். அதன் விலை பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாது. தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றிய 151 பேரை இரண்டாகப் பிரித்து, எல்லோருக்கும் மலிவான மாத்திரைச் சிகிச்சையைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் ஊசியும் சேர்த்தார்கள். ஓராண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் மாத்திரை மட்டும் எடுத்த பிரிவில் 16.3 சதவீதம், ஊசியும் சேர்ந்த பிரிவில் 43.4 சதவீதம். 2023இல் வெளியான முடிவு இது. மருந்தைக் குறைத்துக் கொடுத்தால் போதுமா என்ற கேள்வியை மருந்துக் கம்பெனி கேட்பது அரிது. கற்பிக்கும் மருத்துவமனை கேட்கும். இப்படிப்பட்ட மருத்துவமனைகளில் நடக்கும் ஆய்வுகளின் தனிச் சிறப்பு என்று நான் நம்புவது இதைத்தான்.

கம்பெனி நடத்தும் ஆய்வு தப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. இன்று நீங்கள் போட்டுக்கொள்ளும் கீமோ மருந்துகளில் பலவும் அப்படி வந்தவைதான். ஆனால் "இத நடத்துறது யாரு, பணம் போடுறது யாரு?" என்று கேட்பது உங்கள் உரிமை. படிவத்தின் முதல் பக்கத்திலேயே பதில் இருக்கும்.

கட்டங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் கட்டத்தின் கேள்வி, "எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும்?" சிலருக்குச் சிறிய அளவில் தொடங்கி, அடுத்த சிலருக்குக் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போவார்கள். குணமாகும் என்ற எதிர்பார்ப்பை மட்டும் வைத்து அதில் சேரக் கூடாது. இரண்டாம் கட்டம், "கட்டி சுருங்குகிறதா?" மூன்றாம் கட்டம், "இப்போது கொடுக்கும் சிகிச்சையைவிட இது மேலானதா?" இதில் நூற்றுக்கணக்கில், சமயத்தில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருப்பார்கள். நான்காம் கட்டம், மருந்து விற்பனைக்கு வந்த பிறகு கண்காணிப்பது. டாக்டர் ட்ரயல் என்று சொன்னதும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் வார்த்தை: "எத்தனாவது கட்டம் சார்?"

2. முதல் கீமோ ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள்

என்னை அதிகம் வருத்தியது இதுதான். பல ஆய்வுகளுக்கு, இந்த நோய்க்கு இதுவரை எந்த மருந்தும் எடுக்காதவர்கள்தான் வேண்டும். வெளியூரில் அவசரமாக ஒரு கீமோ ஏற்றிக்கொண்டு வருவார்கள். நோய் அதே நோய், ஆளும் நல்ல தெம்பாக இருப்பார். அந்த ஒரு பாட்டில் மருந்தால் கதவு மூடியிருக்கும். கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைத்துவிட்டு வந்தவர்களுக்கும் சில ஆய்வுகளில் இதே கதைதான்.

சதைப் பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும், சிகிச்சைத் திட்டம் பேசும் அதே நாளில், "எனக்குப் பொருந்துற ஆய்வு ஏதாவது இங்கேயோ வேற எங்கேயோ நடக்குதா?" என்று கேளுங்கள். நோய் திரும்பி வந்தாலோ, ஒரு மருந்து வேலை செய்யாமல் போனாலோ, அடுத்த மருந்தைத் தொடங்கும் முன் மறுபடியும் கேளுங்கள். இதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இரத்தப் புற்றுநோய் போன்ற அவசர நோய்களில் தள்ளிப்போடவே கூடாது. கேள்வி கேட்க ஐந்து நிமிடம் போதும்.

3. பையில் என்ன இருக்க வேண்டும்

துணிக்கடை மஞ்சள் பையில் பத்து ஆண்டுக் காகிதத்தையும் அள்ளிக்கொண்டு வருபவர்கள் உண்டு. அதில் தப்பில்லை, ஒன்றையும் தூக்கிப்போடாதீர்கள். ஆனால் மேலே இருக்க வேண்டியவை இவை: சதைப் பரிசோதனை ரிப்போர்ட், சிறப்புச் சாயப் பரிசோதனையும் மரபணுப் பரிசோதனையும் செய்திருந்தால் அவற்றின் ரிப்போர்ட், ஸ்கேன் ரிப்போர்ட்டோடு அதன் சி.டி., ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, எந்தத் தேதியில் எந்தக் கீமோ எத்தனை மில்லிகிராம் என்ற விவரம்.

இவற்றைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பலருக்கு அது இருப்பதே தெரியாது. உங்கள் உடம்பிலிருந்து எடுத்த சதையை மெழுகில் பதித்து, தீப்பெட்டியளவு இருக்கும் பிளாஸ்டிக் கூட்டில் வைத்திருப்பார்கள். அதன் பெயர் பிளாக். கூட்டின் ஓரத்தில் ஒரு எண் எழுதியிருக்கும். மெழுகின் நடுவே வெளிறிய பழுப்பு நிறத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு தெரியும். அதுதான் உங்கள் கட்டி. பல ஆய்வுகளில் அதிலிருந்து புதிதாகச் சீவி எடுத்துத்தான் நீங்கள் பொருந்துவீர்களா என்று பார்ப்பார்கள். முதலில் பரிசோதித்த லேபில் எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு வாங்கிவர வேண்டும். கண்ணாடி ஸ்லைடு மட்டும் கொடுத்தால், "பிளாக்கும் வேணும்" என்று சொல்லுங்கள். வாங்கியதைப் பஞ்சில் சுற்றி டப்பாவில் வையுங்கள். சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.

இன்னொன்று. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரையோடு, சாப்பிடும் கஷாயம், லேகியம், பஸ்பம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மூலிகைப் பொடி எல்லாவற்றையும் எழுதுங்கள். டாக்டர் திட்டுவார் என்று மறைப்பவர்கள் அதிகம். கல்லீரல் கணக்கு திடீரென்று ஏறினால், ஆய்வு மருந்தா பொடியா என்று கண்டுபிடிக்க முடியாமல் போய், நல்ல பலன் தரும் மருந்தையும் நிறுத்த வேண்டிவரும்.

4. நீங்களாகவே தேடும் வழி

இந்தியாவில் நடக்கும் ஆய்வுகள் சி.டி.ஆர்.ஐ. என்ற பொதுப் பதிவேட்டில் இருக்கும். இந்தப் பதிவேட்டை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007இல் தொடங்கியது. மருந்து ஆய்வுகளை அதில் பதிவது 2009 ஜூன் முதல் கட்டாயம். இலவசமாக யாரும் பார்க்கலாம். நோயின் பெயரைப் போட்டுத் தேடினால் ஒவ்வொரு ஆய்வும் எந்தெந்த ஊரில், எந்த மருத்துவமனையில், யார் பொறுப்பில் நடக்கிறது என்று தெரியும். யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்ற பட்டியலும் இருக்கும். எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பது ஒரு குறைதான். வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள். ஆட்சேர்ப்பு முடிந்துவிட்டதா, இன்னும் நடக்கிறதா என்ற வரியை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

மருத்துவமனை உங்களிடம் சொன்ன ஆய்வுக்கும் பதிவு எண் கேளுங்கள். சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கி, ஆண்டு, மாதம், பிறகு ஒரு எண் என்று இருக்கும். எண் சொல்ல முடியாத மருந்து ஆய்வில் சேராதீர்கள். பரிசோதனையில் இருக்கும் புது மருந்துக்கே உங்களிடம் லட்சக்கணக்கில் பணம் கேட்டால் உடனே எழுந்து வாருங்கள். ஸ்டெம் செல் என்ற பெயரில் இப்படி ஏமாந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

5. ஒப்புதல் படிவம்: அவசரப்படாதீர்கள்

இருபது பக்கத்துக்குக் குறையாது. தமிழில் வேண்டும் என்று கேளுங்கள், தருவார்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் தந்தாக வேண்டும் என்பது விதி. வீட்டுக்கு எடுத்துப்போய், பென்சிலால் கோடு போட்டுப் படித்து, மறுநாளோ அதற்கடுத்த நாளோ வந்தால் போதும். "இப்பவே போட்டாத்தான் இடம் கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் அது தவறு, அவர் எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும்.

திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயியை நினைத்துக்கொள்கிறேன். நுரையீரலில் கட்டி, வயது அறுபதை ஒட்டி. மகனை வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் பேனாவை எடுத்தவர் அப்படியே வைத்துவிட்டார்.

"ஏம்மா, இதுல நாமினின்னு போட்டிருக்கே. நான் போய்ச் சேந்துருவேன்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தக் கட்டத்தை எத்தனையோ பேரிடம் நீட்டியிருக்கிறேன், அது எப்படிக் காதில் விழும் என்று யோசித்ததே இல்லை. இந்தியப் படிவங்களில் தொழில், ஆண்டு வருமானம், வாரிசுதாரர் பெயர், உறவுமுறை எல்லாம் கேட்பார்கள். ஆய்வினால் உயிரிழப்பு நேர்ந்தால் இழப்பீட்டை யாரிடம் கொடுப்பது என்பதற்காக. எல்லோருக்கும் ஒரே படிவம்தான், உங்களைப் பார்த்து எழுதியது இல்லை. "பேங்க்ல கணக்கு ஆரம்பிக்கும்போதும் இதக் கேப்பாங்கல்ல ஐயா" என்றேன். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மனைவியின் பெயரை எழுதச் சொன்னார். அன்று முதல் அந்தக் கட்டத்தை நானாகவே முன்கூட்டி விளக்க ஆரம்பித்தேன். உங்களுக்கு யாரும் விளக்காவிட்டால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதுகாப்பெல்லாம் சும்மா வந்ததில்லை. 1999-2000இல் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் வாய்ப் புற்றுநோயாளிகள் 26 பேருக்கு, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரின் ஆய்வுக்காக ஒரு ரசாயனத்தைக் கட்டிக்குள் ஊசியாகப் போட்டார்கள். செய்தி வெளியானபின் அந்தப் பல்கலைக்கழகமே விசாரித்து, உரிய அனுமதியும் போதுமான விலங்குப் பரிசோதனையும் இல்லாமல் நடந்தது என்று 2001இல் சொன்னது. பிறகு உச்ச நீதிமன்ற வழக்கு, 2013இல் கடுமையான விதிகள், 2019இல் புதிய மருந்துகள் மற்றும் மருந்து ஆய்வுகள் விதிகள் என்று படிப்படியாக வந்தவைதான் இன்று உங்கள் கையில் இருக்கும் உரிமைகள். அந்த 26 பேரும் கொடுத்த விலை அது.

படிவத்தில் நீங்கள் விரல் வைத்துத் தேட வேண்டிய இடங்கள்:

"இந்த ஆய்வில் சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை?" மாற்றுச் சிகிச்சை என்று ஒரு பத்தி கட்டாயம் இருக்கும். முதலில் படிக்க வேண்டியது அதுதான்.

எது இலவசம், எது நம் காசு? கம்பெனி ஆய்வுகளில் ஆய்வு மருந்தும் ஆய்வுக்காகவே எடுக்கும் பரிசோதனைகளும் இலவசம். மருத்துவமனை தானாக நடத்தும் ஆய்வில், எப்படியும் தேவைப்படும் வழக்கமான மருந்துக்கு நீங்களே கட்ட வேண்டியிருக்கலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருந்தால், ஆய்வில் சேர்ந்தபின் எந்தச் செலவு அதில் வரும், எது வராது என்று காப்பீட்டு மேசையில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பஸ் செலவு உண்டா, துணைக்கு வருபவருக்கும் உண்டா என்றும் கேளுங்கள். இதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம்.

மாதிரிகள். உங்கள் இரத்தத்தையும் சதையையும் பிற்கால ஆராய்ச்சிக்கு எடுத்துவைக்கத் தனியாக ஒரு டிக் கேட்பார்கள். அதற்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆய்வில் சேர முடியுமா என்று கேளுங்கள். பல ஆய்வுகளில் முடியும்.

இரண்டு போன் எண்கள். ஒன்று, எந்த நேரமும் டாக்டரை அழைக்க. மற்றொன்று, ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவினுடையது. இந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவர், மருத்துவம் சாராத சாதாரண ஆள், ஒரு பெண் உறுப்பினர் ஆகியோர் அவசியம். ஆய்வு டாக்டரிடம் சொல்லத் தயங்குவதை இந்தக் குழுவிடம் சொல்லலாம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழுநேரமும் கூடவே உட்கார்ந்திருந்து, விளக்கியது புரிந்தது என்று பார்த்தபின்பே பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். புத்தம்புது மூலக்கூறு மருந்தாக இருந்து, பங்கேற்பவர் எளிதில் வற்புறுத்தலுக்கு ஆளாகக்கூடிய நிலையில் இருந்தால் அந்த உரையாடலை வீடியோவாகவும் பதிவு செய்வார்கள். கேமராவைப் பார்த்துப் பயப்படாதீர்கள், உங்களுக்குச் சரியாகச் சொன்னார்களா என்பதற்கான சாட்சி அது. கையெழுத்தான படிவத்தில் ஒரு பிரதி உங்களுக்கு. வாங்காமல் வராதீர்கள்.

6. தகுதிப் பரிசோதனை

ஸ்கிரீனிங் என்பார்கள். கையெழுத்துக்குப் பிறகுதான் இது தொடங்கும். இரத்தம், சிறுநீர், இசிஜி, ஸ்கேன், மஞ்சள் காமாலை மற்றும் எச்.ஐ.வி. பரிசோதனை, குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை. ஆணோ பெண்ணோ, ஆய்வுக் காலத்தில் குழந்தை உருவாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்வார்கள்.

நடமாட்டத்துக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. முன்போலவே எல்லா வேலையும் செய்தால் 0, இலேசான வேலை செய்தால் 1, தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டாலும் உழைக்க முடியாவிட்டால் 2, பகலில் பாதிக்கு மேல் படுக்கை என்றால் 3, முழுவதும் படுக்கை என்றால் 4. பெரும்பாலான ஆய்வுகள் 0, 1 உள்ளவர்களைத்தான் எடுக்கும். அதற்காகத் தெம்பாக இருப்பது போல நடிக்காதீர்கள். தாங்காத உடம்பில் மருந்து ஏறினால் ஆபத்து உங்களுக்குத்தான்.

பொருந்தவில்லை என்று வந்தால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம் இல்லை. இரத்தத்தை உறையவைக்கும் தட்டணு கொஞ்சம் குறைந்திருக்கலாம், அவ்வளவுதான். சில ஆய்வுகளில் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள்.

7. எந்தப் பிரிவு?

இரண்டு பிரிவுகளை ஒப்பிடும் ஆய்வில் யார் எதில் என்பதைக் கம்ப்யூட்டர்தான் பிரிக்கும். டாக்டர் நினைத்தாலும் மாற்ற முடியாது, அமைச்சரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கி வந்தாலும் முடியாது. (வாங்கி வந்தவர்கள் உண்டு. அவர்களுடைய தவிப்பு எனக்குப் புரிந்தது.) ஆளைப் பார்த்துப் பிரித்தால் தெம்பானவர்களெல்லாம் புது மருந்துக்குப் போய்விடுவார்கள், பிறகு நல்ல பலன் மருந்தாலா தெம்பாலா என்று யாருக்கும் தெரியாது.

"வெறும் மாவு மாத்திரை கொடுத்துருவாங்களா?" என்பது எல்லோருடைய பயமும். நல்ல சிகிச்சை ஏற்கெனவே இருக்கும் புற்றுநோயில் அதை நிறுத்திவிட்டு வெறும் மாத்திரை கொடுக்க நெறிமுறைக் குழு விடாது. பொதுவாக இரு பிரிவுக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு, அதன்மேல் ஒரு பிரிவுக்குப் புது மருந்தும் மற்றதற்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரையும் சேரும். அவசரம் வந்தால் எது என்று உடனே பிரித்துப் பார்க்க வழி வைத்திருப்பார்கள்.

பழைய சிகிச்சைப் பிரிவில் விழுந்தால் சோர்ந்துபோகாதீர்கள். புதியது எப்போதும் மேலானது என்பதற்கு உத்தரவாதம் இல்லை, அது தெரியாததால்தான் ஆய்வே நடக்கிறது.

8. மருந்து தொடங்கிய பிறகு

ஒரு குறிப்பேடு தருவார்கள். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, வாந்தி வந்ததா, வயிற்றுப்போக்கு எத்தனை முறை என்று அன்றன்றே எழுதுங்கள். ஓ.பி. வாசலில் உட்கார்ந்து மூன்று வாரத்துக்கும் சேர்த்து ஒரே பேனாவில் எழுதினால் எங்களுக்குத் தெரிந்துவிடும். காலி அட்டைகளைக் குப்பையில் போடாதீர்கள், எண்ணித்தான் அடுத்த மாத்திரை தர முடியும். ஒருவேளை விட்டுப்போனால் விட்டுப்போனது என்றே எழுதுங்கள், இரண்டாகச் சேர்த்து விழுங்காதீர்கள்.

ஆய்வு அட்டை ஒன்றும் கொடுப்பார்கள். அதைப் பர்ஸில் வையுங்கள், வீட்டில் இன்னொருவர் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளட்டும். உள்ளூர் டாக்டர் புதிதாக எந்த மாத்திரை எழுதினாலும் கோ-ஆர்டினேட்டருக்கு ஒரு போன் போடுங்கள். கீமோவுக்குப் பிறகு காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அந்த ராத்திரியே அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், போகும் வழியில் எங்களை அழையுங்கள். வெள்ளணு இறங்கியிருக்கும்போது சில மணிநேரம் கூட வித்தியாசம் செய்யும்.

9. ஏதாவது ஆகிவிட்டால்

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய அளவுக்கு எது நடந்தாலும், எந்த ஊரில் சேர்ந்தாலும், எங்களுக்குச் சொல்ல வேண்டும். அது நடந்த 24 மணி நேரத்துக்குள் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், நெறிமுறைக் குழுவுக்கும், ஆய்வை நடத்துபவருக்கும் டாக்டர் தெரிவித்தாக வேண்டும். "உங்களுக்குத் தொந்தரவு வேணாம்னு சொல்லலம்மா" என்று பத்து நாள் கழித்து வந்து சொல்லும் பெரியவர்கள் எத்தனையோ பேர். அந்தத் தகவல் இன்னொரு ஊரில் அதே மருந்தைச் சாப்பிடும் ஒருவரைக் காப்பாற்றக்கூடும்.

ஆய்வில் இருக்கும்போது பாதிப்பு ஏற்பட்டால் சிகிச்சைச் செலவை ஆய்வை நடத்துபவர் ஏற்க வேண்டும். தேவைப்படும் வரை, அல்லது ஆய்வுக்குத் தொடர்பில்லை என்று உறுதியாகும் வரை. தொடர்புள்ள உயிரிழப்புக்கு இழப்பீடு உண்டு. 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் தீவிரத்தையும் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்யும் ஒரு சூத்திரம் விதியிலேயே இருக்கிறது. வழக்கமான சிகிச்சை இருந்தும் அதைக் கொடுக்காமல் விட்டதால் நேர்ந்த பாதிப்பும் இதில் அடங்கும். நோய் தானாக முற்றினால் இழப்பீடு வராது. இதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுத் தெளிந்துவிடுங்கள். துக்க வீட்டில் இந்தப் பேச்சு வரக் கூடாது.

10. ஸ்கேன், விலகல், முடிவு

சில வாரங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்து, குறித்துவைத்த கட்டிகளின் நீளத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். கூட்டுத்தொகை 30 சதவீதமாவது குறைந்தால் சுருங்கியது, இருந்ததிலேயே சிறிய அளவிலிருந்து 20 சதவீதமாவது கூடினால் வளர்ந்தது, நடுவில் இருந்தால் நிலையாக நிற்கிறது என்று கணக்கு. "நிலையாக இருக்கு" என்றால் வீட்டில் முகம் வாடிவிடும். வளர்ந்துகொண்டிருந்த நோய் நின்றதும் நல்ல சேதிதான்.

வளர்ந்துவிட்டால் ஆய்வு மருந்தை நிறுத்துவார்கள், வழக்கமான சிகிச்சை தொடரும். நீங்களாக விலக நினைத்தாலும் எந்த நாளும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் வழக்கமான சிகிச்சையை அதற்காக யாரும் குறைக்கக் கூடாது. சொல்லாமல் நின்றுவிடாமல், ஒருமுறை நேரில் வந்து சொல்லுங்கள். சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் உடம்புக்கு ஆகாது.

மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போது ஆய்வு முடிந்தால்? வேறு மாற்று மருந்து இல்லாத நிலையில், டாக்டர் பரிந்துரைத்து நெறிமுறைக் குழு ஒப்பினால், அதே மருந்தை இலவசமாகத் தொடர்ந்து தர விதி இடமளிக்கிறது. இதற்கு நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். கடைசி மாதத்தில் கேட்காதீர்கள். முதல் நாளே கேட்டுப் பதிலைக் குறித்துவையுங்கள்.

ஆய்வின் முடிவு வெளியாக ஆண்டுகள் ஆகும். உங்கள் போன் எண் மாறினால் சொல்லுங்கள், முடிவு வந்ததும் தெரிவிக்கச் சொல்லுங்கள். பதிவு எண்ணை வைத்து நீங்களும் பார்க்கலாம். யார் எந்தப் பிரிவில் இருந்தார்கள் என்பதையும் அப்போது கேட்கலாம். நாமினி கட்டத்தில் பேனாவை வைத்த அந்த விவசாயி பதினான்கு மாதம் எங்களிடம் வந்துபோனார். அவர் போய் இரண்டு ஆண்டு கழித்து மகன் போன் செய்து, "அக்கா, எங்க அப்பாவுக்குக் கொடுத்தது எந்த மருந்து?" என்று கேட்டார். அதற்குள் யாருக்கு எந்த மருந்து என்ற பட்டியல் திறந்திருந்தது. பழைய மருந்துதான் என்றேன். புது மருந்து அதைவிடக் கொஞ்சம் மேலானதாக வந்திருக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சற்றுநேரம் பேச்சில்லை. பிறகு, அந்த முடிவு வந்த காகிதத்தில் ஒரு பிரதி கிடைக்குமா, அப்பாவின் மஞ்சள் பையில் வைத்துக்கொள்கிறேன் என்றார். மறுநாளே தபாலில் அனுப்பினேன்.